கைக்கு எட்டாத ரேடியோ இருந்தும் பயனில்லை! பாய்மரப் படகின் சுக்கானுக்கு எந்த செட் சரி?

2018 செப்டம்பர் 21. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து சுமார் 1,900 கடல் மைல் தள்ளி, தெற்கு இந்தியப் பெருங்கடல். இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, 'கோல்டன் குளோப்' போட்டியில் தனி ஆளாக ஓட்டிச் சென்ற 'துரியா' என்ற பாய்மரப் படகைப் புயல் புரட்டிப் போட்டது. பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் பலத்த அடி. படுத்த இடத்தைவிட்டு அவரால் அசைய முடியவில்லை. சாட்டிலைட் போனும் செயலிழந்துவிட்டது.

அவரிடம் இன்னொரு சாட்டிலைட் போனும் ஒரு கையடக்க வி.ஹெச்.எஃப் ரேடியோவும் இருந்தன. அவசரத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடுவதற்கென்று ஒரு பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். ஆனால், அந்தப் பை அவர் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை.

எட்டியது எழுத்துச் செய்தி மட்டும் அனுப்பும் ஒரு சின்னக் கருவி. அதில் ஒவ்வொரு சொல்லாகத் தட்டித்தான் தன் நிலையை உலகத்துக்குச் சொன்னார். மூன்று நாள்கள் கழித்து, 24-ம் தேதி, பிரான்ஸின் மீன்வளக் கண்காணிப்புக் கப்பலான 'ஒசிரிஸ்' அவரை மீட்டது. பிறகு முதுகில் அறுவைசிகிச்சை செய்துகொண்டு, 2022-ல் அதே போட்டிக்குத் திரும்பி, அடுத்த ஆண்டு இரண்டாவதாக முடித்தார் என்பது பலருக்கும் தெரிந்த கதை.

பாய்மரப் படகுக்கு ரேடியோ வாங்கப்போகிறவர்கள் முதலில் கேட்பது, 'எத்தனை வாட், என்ன பிராண்ட், என்ன விலை' என்பதைத்தான். கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. சுக்கானைப் பிடித்துக்கொண்டிருப்பவர், உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல் இதில் பேச முடியுமா, வருவதைக் கேட்க முடியுமா?

விசைப்படகில் இல்லாத சிக்கல்

காசிமேட்டிலோ நாகப்பட்டினத்திலோ ஒரு விசைப்படகில் ஏறிப் பாருங்கள். ஓட்டுபவருக்கு மேலே கூரை, முன்னால் கண்ணாடி. ரேடியோ அவர் தலைக்கு மேலோ, பக்கவாட்டிலோ இருக்கும். ஒரு கை சுக்கான் சக்கரத்தில், இன்னொரு கை மைக்கில். மீனவர்கள் 'வாக்கி டாக்கி' என்று சொல்லும் அந்த செட்டைப் பயன்படுத்த அவர் எங்கேயும் போக வேண்டியதில்லை.

பாய்மரப் படகு அப்படியல்ல. பாய்களையும் காற்றையும் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும் என்பதால், சுக்கான் பிடிப்பவர் படகின் பின்பகுதியில் திறந்த வெளியில் உட்கார்ந்திருப்பார். வெயில், மழை, முகத்தில் அறையும் உப்புத் தண்ணீர் எல்லாம் அவருக்குத்தான். ரேடியோவோ நாலைந்து படிகள் கீழே, உள்ளறையில், வரைபட மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும். நனையக் கூடாது என்பதற்காக அங்கே வைத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது சரி.

இப்போது ஒரு சரக்குக் கப்பல் எதிரே வருகிறது என்று வையுங்கள். கப்பலின் மாலுமி, சர்வதேச அழைப்பு அலைவரிசையான சேனல் 16-ல் கூப்பிடுகிறார். காற்றின் இரைச்சல், பாய் படபடக்கும் ஓசை, இன்ஜின் ஓடினால் அதன் சத்தம் வேறு. கீழே ரேடியோ கத்துவது மேலே இருப்பவருக்குக் கேட்காது. கேட்டாலும், பதில் சொல்ல சுக்கானை விட்டுவிட்டுக் கீழே இறங்க வேண்டும். கப்பல் நெருங்கும் நேரத்தில் கண்ணை எடுக்கவே கூடாத ஒரு நிமிடத்தைத்தான் அவர் இழக்கிறார்.

இதைவிடக் கொடுமையான ஒரு நிலை இருக்கிறது. கணவன், மனைவி இருவர் மட்டும் செல்லும் படகு. ஒருவர் கடலில் விழுந்துவிடுகிறார். படகில் இருப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, விழுந்தவரின் தலையிலிருந்து பார்வையை எடுக்காமல் இருப்பது. அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலை என்பது ஒரு தேங்காய் அளவுதான். சில விநாடிகள் பார்வையை விட்டாலும் திரும்பக் கண்டுபிடிப்பது கடினம். அந்த நேரத்தில் 'மேடே' அழைக்க அவர் படியிறங்கிப் போக முடியுமா?

இந்தியாவில் இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும், கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 'தாரிணி' என்ற 56 அடி கடற்படைப் பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். படகில் அவர்கள் இருவர் மட்டும்தான். இவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர் அபிலாஷ் டோமி. இப்படி இருவர் மட்டும் ஓட்டும் படகில் ஒருவர் தூங்கப் போனால், மேலே இருப்பவர் தனி ஆள்தான்.

ஒரே சேனல், இருவேறு தூரம்

'சுக்கான் பக்கத்தில் ஒரு கையடக்க ரேடியோவை வைத்துக்கொண்டால் போதாதா?' என்று தோன்றும். விலையும் குறைவு, கம்பி இழுக்கும் வேலையும் இல்லை. பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால், இதில் ஒரு பெரிய இழப்பு இருக்கிறது.

வி.ஹெச்.எஃப் அலை கிட்டத்தட்ட பார்வை போன்றது. நேர்கோட்டில்தான் போகும், பூமியின் வளைவைத் தாண்டாது. கலங்கரை விளக்கத்தை உயரமாகக் கட்டியதற்கு என்ன காரணமோ, ஆன்டெனாவை உயரத்தில் வைப்பதற்கும் அதே காரணம்தான். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.2-ஆல் பெருக்கினால், அந்த ஆன்டெனாவின் அடிவானம் எத்தனை கடல் மைல் என்பது கிடைக்கும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

உட்கார்ந்திருப்பவர் கையில் உள்ள ரேடியோ நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரம் என்று வைத்தால், அதன் அடிவானம் 3 கடல் மைல். 15 மீட்டர் பாய்மரத்தின் உச்சியில் உள்ள ஆன்டெனாவுக்கு எட்டரை. எதிரில் இருக்கும் கப்பலின் ஆன்டெனா 36 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதற்கு 13. இரு பக்கத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பாய்மர உச்சியிலிருந்து அந்தக் கப்பலுக்கு 21 கடல் மைலுக்கு மேல் பேசலாம். கையிலிருந்து பேசினால் 16. ஆனால், இரண்டு சின்னப் படகுகள் கையடக்க ரேடியோவில் பேசிக்கொண்டால் ஆறே ஆறுதான். இதெல்லாம் ஏட்டுக் கணக்கு. அலையின் பள்ளத்துக்குள் படகு இறங்கும்போது கையடக்க ரேடியோவின் தூரம் இன்னும் சுருங்கும்.

சக்தியிலும் வித்தியாசம் உண்டு. படகில் பொருத்தும் செட் 25 வாட். கையடக்கத்தில் 5 அல்லது 6 வாட். ஆனால், அடிவானத்துக்கு அப்பால் இருப்பவரை எட்ட வாட் கூடினாலும் பெரிதாக உதவாது, உயரம்தான் உதவும்.

ஆகவே, கேட்க வேண்டியது இது: கீழே இருக்கும் 25 வாட் செட்டையும் உச்சியில் இருக்கும் ஆன்டெனாவையும், மேலே உட்கார்ந்தபடியே பயன்படுத்த என்ன வழி?

கம்பி மைக்கா, கம்பியில்லா மைக்கா?

இதற்கென்றே வந்தது 'ரிமோட் மைக்'. ஐகாம் நிறுவனம் இதை 'கமாண்ட் மைக்' என்கிறது. ஸ்டாண்டர்ட் ஹொரைசன் 'ராம் மைக்' என்கிறது. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். ரேடியோ கீழே நனையாமல் இருக்கும். அதிலிருந்து ஆறேழு மீட்டர் கேபிள் இழுத்து, சுக்கான் பக்கத்தில் ஒரு மைக். இது வெறும் மைக் அல்ல. ஸ்பீக்கர், திரை, சேனல் மாற்றும் பட்டன்கள் எல்லாம் அதிலேயே இருக்கும். பேசுவது மேலிருந்து, ஒலிபரப்புவது கீழே உள்ள செட்.

மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் பேசிக்கொள்ளும் 'இன்டர்காம்' வசதியும் இவற்றில் பலவற்றில் உண்டு. ஆபத்துக்கு வாங்கிய மைக், நடைமுறையில் அதிகம் பயன்படுவது 'டீ ரெடியா?' என்று கேட்பதற்குத்தான்.

கம்பியில்லா வகையும் இருக்கிறது. கேபிள் இழுக்க வேண்டாம், படகின் எந்த மூலைக்கும் எடுத்துப் போகலாம். ஆனால், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இந்த மைக் பார்ப்பதற்கு வாக்கி டாக்கி போலவே இருக்கும். வாக்கி டாக்கி அல்ல. இது தனியாகக் கடலுக்குள் ஒலிபரப்பாது. கீழே உள்ள செட்டோடு மட்டும்தான் பேசும். படகுக்குள் தண்ணீர் ஏறி பேட்டரி மூழ்கி, கீழே செட் அணைந்துவிட்டால், கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக். 'கம்பியில்லா மைக் வாங்கிவிட்டேன், கையடக்க ரேடியோ தேவையில்லை' என்று யாராவது சொன்னால், அவருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். தவிர, இதைத் தினமும் சார்ஜ் போட வேண்டும். இரும்பு, அலுமினியப் படகுகளில் சிக்னலும் பலவீனப்படலாம்.

நீண்ட பயணம் போகிறவர்களுக்குக் கம்பி மைக்தான் நம்பகமானது. கேபிளை ஒருமுறை சிரமப்பட்டு இழுத்துவிட்டால் அதன் பிறகு சார்ஜ் என்ற கவலையே இல்லை. அன்றாடம் துறைமுகத்தைச் சுற்றி வருபவர்களுக்குக் கம்பியில்லா வகை போதும்.

சுக்கான் அருகிலேயே இரண்டாவதாக ஒரு முழு செட்டைப் பொருத்துபவர்களும் உண்டு. தனி ஆன்டெனா, தனி மின் கம்பி என்று அமைத்தால் ஒன்று பழுதானாலும் இன்னொன்று இருக்கும். பெரிய படகுக்கு நல்லது. சின்னப் படகில் செலவும் இடமும் கட்டுப்படியாகாது. வெறும் ஸ்பீக்கரை மட்டும் மேலே கொண்டுவருவது பாதி வேலை. கூப்பிடுவது கேட்கும், பதில் சொல்ல இறங்கித்தான் போக வேண்டும்.

சிவப்பு பட்டன் எங்கே இருக்கிறது?

மைக் வாங்கும்போது கடைக்காரரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது இது. இன்றைய செட்களில் மூடிக்குள் ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். மூடியைத் திறந்து சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், படகின் அடையாள எண்ணும் அது இருக்கும் இடமும் சேனல் 70 வழியாக டிஜிட்டல் செய்தியாகப் பறக்கும். எட்டும் தூரத்தில் உள்ள கப்பல்களின் செட்களில் அலாரம் அலறும். டி.எஸ்.சி என்று இதைச் சொல்கிறார்கள். பயத்தில் வாய் குழறினாலும், மொழி தெரியாவிட்டாலும், பத்து வயதுப் பிள்ளைகூட அழுத்தலாம்.

அந்த பட்டன் கீழே இருக்கும் செட்டில் மட்டும் இருக்கிறதா, மேலே மைக்கிலும் இருக்கிறதா? மைக்கிலும் இருப்பதைத்தான் வாங்க வேண்டும்.

அடையாள எண் என்பது ஒன்பது இலக்கம். இந்தியப் படகு என்றால் 419 என்று தொடங்கும். செட்டைப் பொருத்தியவுடன் இந்த எண்ணை உள்ளே பதிய வேண்டும். ஜி.பி.எஸ் இணைப்பும் தர வேண்டும். சில செட்களில் அது உள்ளேயே இருக்கும். இந்த இரண்டையும் செய்யாமல் விட்டால் சிவப்பு பட்டன் அழகுக்குத்தான். எண் பதியாவிட்டால் டி.எஸ்.சி வேலையே செய்யாது. இடம் தெரியாவிட்டால், ஆபத்து என்று மட்டும் சொல்லும். எங்கே என்று சொல்லாது.

சில செட்களில் சுற்றியுள்ள கப்பல்களின் அடையாளத்தைப் பிடிக்கும் ஏ.ஐ.எஸ் ரிசீவரும் சேர்ந்தே வருகிறது. எதிரே வரும் கப்பலின் பெயர் திரையில் தெரியும். 'எனக்கு முன்னால் வரும் கப்பலே' என்று பொதுவாகக் கூப்பிடுவதைவிட, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வருவதற்கு வாய்ப்பு அதிகம். தெருவில் 'சார்' என்று கூப்பிட்டால் யார் திரும்புவார்கள்?

திசைகாட்டியைக் குழப்பும் ஸ்பீக்கர்

மைக்கை எங்கே மாட்டுவது? சுக்கான் சக்கரத்தின் தூணில், திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கும். பார்த்தவுடன் எல்லோருக்கும் அங்கேதான் கை போகும். அங்கே மாட்டவே கூடாது.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் காந்தம் இருக்கிறது. அது திசைகாட்டியின் முள்ளை இழுக்கும். ஒரு சில டிகிரி பிசகினாலே, பல மணி நேரம் ஓடிய பிறகு படகு வேறு எங்கோ போய் நிற்கும். ஐகாம் கையேடுகள், செட்டையும் மைக்கையும் காந்தத் திசைகாட்டியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்கச் சொல்கின்றன. கையடக்க ரேடியோவுக்கும் இதே விதிதான். திசைகாட்டிக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்துவிட்டு, 'இன்று திசையே சரியாக வரவில்லையே' என்று குழம்புவது கடலில் புதிதல்ல. சோதிப்பது எளிது. படகு அசையாமல் கட்டியிருக்கும்போது மைக்கைத் திசைகாட்டி அருகே கொண்டுபோய், முள் நகர்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஆகவே, உட்காரும் இடத்தின் பக்கவாட்டுச் சுவர் நல்ல இடம். கயிறுகள் சிக்காத இடமாக, கால் பட்டு பட்டன் அழுந்தாத உயரமாக இருக்க வேண்டும். பேசும் பட்டன் எதிலாவது சிக்கி அழுந்தியே இருந்தால், சேனல் 16 அந்த வட்டாரத்துக்கே அடைபட்டுப்போகும்.

உச்சியில் நடப்பது

நல்ல செட்டை வாங்கிவிட்டு மெல்லிய கேபிளில் காசை மிச்சம் பிடிப்பது, பெரிய மோட்டாருக்கு ஓட்டைக் குழாய் போடுவது மாதிரி. ஆர்.ஜி 58 எனும் மெல்லிய கேபிளை 20 மீட்டர் இழுத்தால், 25 வாட்டில் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். ஆர்.ஜி 213 எனும் தடித்த கேபிளில் இழப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஆனால், அது கனமானது. பாய்மர உச்சியில் கனம் கூடுவதைப் படகோட்டிகள் விரும்ப மாட்டார்கள் என்பதால், பலர் இரண்டுக்கும் நடுவில் உள்ள ரகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆன்டெனா வாங்கும்போது '6 டெசிபல், 9 டெசிபல், அதிக தூரம்' என்று விளம்பரம் இழுக்கும். பாய்மரப் படகுக்கு 3 டெசிபல்தான் சரி. டெசிபல் கூடக் கூட அலை தோசை போலத் தட்டையாகப் பரவும். நிமிர்ந்து நிற்கும் மோட்டார் படகுக்கு அது நல்லது. பாய்மரப் படகோ காற்றில் சாய்ந்துதான் ஓடும். சாய்ந்த படகில் தட்டையான அலை ஒரு பக்கம் வானத்துக்கும் மறுபக்கம் தண்ணீருக்கும் போகும்.

பாய்மரமே முறிந்துவிட்டால்? உச்சியில் இருந்த ஆன்டெனாவும் அதோடு போய்விடும். 1998 சிட்னி - ஹோபார்ட் படகுப் போட்டியில் புயலில் சிக்கி 6 பேர் இறந்தார்கள். கிளம்பிய 115 படகுகளில் முடித்தவை 44. பாய்மரத்தை இழந்த படகுகளுக்கு, உதவி கேட்பதுதான் முதல் போராட்டமாகவே ஆனது. இதனால்தான் அனுபவசாலிகள், படகின் பின்புறக் கம்பியில் மாட்டிக்கொள்ளும் ஒரு மாற்று ஆன்டெனாவைச் சுருட்டி உள்ளே வைத்திருக்கிறார்கள்.

கையடக்க ரேடியோவும் வேண்டும்

மைக் இருக்கிறது என்பதால் கையடக்க ரேடியோவைத் தள்ளிவிட முடியாது. அதன் வேலை வேறு. படகையே விட்டு இறங்க நேர்ந்தால் கூட வருவது அது ஒன்றுதான்.

2022 நவம்பர் 18. அதே கோல்டன் குளோப் போட்டியின் அடுத்த பதிப்பு. தென்னாப்பிரிக்காவிலிருந்து பல நூறு கடல் மைல் தள்ளி, பின்லாந்தைச் சேர்ந்த டாபியோ லெஹ்டினனின் 'அஸ்டீரியா' படகு சுமார் 20 நிமிடங்களில் மூழ்கிப்போனது. அவர் உயிர்காக்கும் ரப்பர் மிதவையில் ஏறிக்கொண்டார். சக போட்டியாளரான தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர், போட்டியை நிறுத்தி வைத்துவிட்டு, இரவெல்லாம் தன் படகை அவரை நோக்கி ஓட்டினார்.

மறுநாள் காலை அருகே வந்தும், அலைகளுக்கு நடுவே அந்த மிதவை கிர்ஸ்டனின் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால், வி.ஹெச்.எஃப்-ல் குரல் கிடைத்துவிட்டது. மிதவையில் இருந்த டாபியோவுக்கு அவருடைய பாய் தெரிந்தது. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவரே ரேடியோவில் வழி சொல்லி வரவழைத்தார். படகில் ஏற்றிக்கொண்டு, இருவரும் கொஞ்சம் ரம் குடித்து, பிறகு ஒரு சரக்குக் கப்பலில் அவரை அனுப்பிவிட்டு, கிர்ஸ்டன் போட்டியைத் தொடர்ந்தார். கடைசியில் வென்றவரும் அவர்தான்!

தண்ணீரில் மிதக்கும் வகை, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் ஐ.பி.எக்ஸ் 7 தரம், உள்ளேயே ஜி.பி.எஸ்-ஸும் டி.எஸ்.சி-யும், சாதாரணக் கடை பேட்டரியைப் போட மாற்றுப் பெட்டி. இவை இருந்தால் போதும். தனியாக ஓட்டுபவர் என்றால், அதைப் பையில் வைப்பதைவிட உயிர்காப்பு உடையிலேயே கயிறு போட்டு மாட்டிக்கொள்வது மேல்.

கிளம்பும் முன்

இந்தியாவில் இந்த செட்களை வாங்கி உடனே பேசிவிட முடியாது. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும். கரையில் நண்பர்களோடு அரட்டை அடிக்க இந்த சேனல்களைப் பயன்படுத்துவதும் கூடாது.

சேனல் 16-ல் கூப்பிட்டு, ஆள் கிடைத்ததும் வேறு சேனலுக்கு மாறிப் பேச வேண்டும். 'மேடே' என்று மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். இதைத் தமிழில் ஒரு அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, மைக்குக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். படகில் வரும் எல்லோரையும் ஒருமுறை மைக்கைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடலில் விழுவது ரேடியோ தெரிந்தவராகவும் இருக்கலாம்.

போன் சிக்னல் கிடைக்கும் தூரத்தில் என்றால், கடலோரக் காவல்படையின் 1554 என்ற இலவச எண்ணும் உண்டு. ஆனால், போனில் பேசுவது ஒருவருக்கு மட்டுமே கேட்கும். சேனல் 16-ல் பேசுவது அக்கம்பக்கத்து மீன்பிடிப் படகுக்கும் கப்பலுக்கும் சேர்த்துக் கேட்கும். பெரும்பாலும் முதலில் வந்து சேர்பவர்கள் அவர்கள்தான்.

கரைக்குத் திரும்பியதும் மைக்கை ஈரத்துணியால் துடைத்து உப்பை எடுத்துவிடுங்கள். கழற்றி மாட்டும் வகை என்றால், அதன் சாக்கெட்டின் மூடியைப் போட மறக்க வேண்டாம். அந்த மூடி தொலைந்த சாக்கெட்டுகள்தான் முதலில் பச்சை பூத்து நிற்கும்.